டார்ட்மூர் கல் சிலுவைகள்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்று ஒரு பெரிய மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே ஊருமில்லாமல் வீடுமில்லாமல் வெட்டவெளியில் ஆங்காங்கே பழைய கல் சிலுவைகள் நிற்கும். பிளிமத்தில் குடியேறி 16 வருஷம் ஆகிறது, அதில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள் இந்தச் சிலுவைகளைத் தேடி நடந்தே போயிருக்கின்றன. நான் தொல்லியல் படித்தவள் இல்லை, மருத்துவமனையில் வேலை. ஆனால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததிலும் படித்ததிலும் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நிறையக் கேள்விகள் வந்திருந்தன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து): அக்கா, ஆளே இல்லாத இடத்தில் சிலுவை எதற்கு? கும்பிட யார் வருவார்கள்?

பதில்: தம்பி, முதலில் அந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டு வரவேண்டும். மரம் இல்லாத புல்மேடு, நடுநடுவே கருங்கல் பாறைக் குன்றுகள், பள்ளத்தில் எல்லாம் சதுப்பு. தேசியப் பூங்காவாக 1951 இல் அறிவித்த பரப்பு மட்டும் 954 சதுர கிலோமீட்டர். பிரின்ஸ்டவுன் என்ற ஊர்ப் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழையைவிட மோசம் மூடுபனி. பத்து நிமிஷத்தில் இறங்கும், அப்புறம் கால் வைக்கிற இடம் மட்டும்தான் தெரியும். ஒரு பக்கம் தவறினால் சதுப்பு.

இப்போது இந்த மேட்டைச் சுற்றி இருந்த மூன்று துறவி மடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே பக்ஃபாஸ்ட், 1018 இல் தொடங்கியது. மேற்கே டேவிஸ்டாக், அது 10 ஆம் நூற்றாண்டு. தென்மேற்கே பக்லண்ட், 1278. ஒரு மடத்திலிருந்து இன்னொன்றுக்குத் துறவிகளும் ஏவலாட்களும் கம்பளி மூட்டை ஏற்றிய குதிரைகளும் போய்வர வேண்டும், சுற்றிப் போனால் ரொம்ப தூரம், அதனால் மேட்டைக் குறுக்கே கடந்தார்கள். அந்தப் பாதைக்கு அடையாளமாக நட்டவைதான் இவற்றில் பல. பக்ஃபாஸ்டிலிருந்து மேற்கே வரும் பாதையில் ஹார்ன்ஸ் கிராஸ், டெர் ஹில் மேலே இரண்டு, மவுண்ட் மிசரி, சைல்டின் கல்லறை, கோல்ட்ஸ்மித் கிராஸ், நன்ஸ் கிராஸ் என்று வரிசையாக வரும். அந்த வரிசையை வரைபடத்தில் கோடாக இழுத்துப் பாருங்கள், ஃபாக்ஸ் டோர் மைர்ஸ் என்கிற பெரிய சதுப்பின் தெற்கு ஓரத்தை ஒட்டியே போகும். காலடி எங்கே வைத்தால் உறுதியான மண் என்று தெரிந்த ஒருவர் கல்லால் எழுதி வைத்த குறிப்பு அது.

கும்பிடவும் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வழியில் சிலுவையைப் பார்ப்பவர் அதில் மரித்தவரை நினைக்கட்டும் என்றுதான் வழியோரச் சிலுவைகள் நிற்கின்றன என்று அந்தக் காலத்து எழுத்திலேயே இருக்கிறது. வழி தெரியாமல் பயந்து வரும் ஒருவருக்குப் பனிக்குள் அந்த இரண்டு கைகளும் தெரிந்தால், வழியும் ஜெபமும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி (கோவை): எவ்வளவு பழசு என்று எப்படித் தெரியும்? கல்லில் தேதி இருக்குமா?

பதில்: இருக்காது. டார்ட்மூர் கருங்கல் மிகக் கடினம், உள்ளே பெரிய பெரிய வெள்ளைப் படிகங்கள், நுணுக்கமாகச் செதுக்க உளிக்கு இடம் கொடுக்காது. அதனால்தான் இந்தச் சிலுவைகள் பூவேலை, உருவம் ஏதுமில்லாமல் மொட்டையாக, குட்டைக் கைகளோடு இருக்கின்றன. பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் தலை சக்கரம் போல வட்டமாக இருக்கும் சிலுவைகள் நிறைய உண்டு. டார்ட்மூரில் நேர்க் கைகள்தான் பெரும்பாலும்.

ஆவணம் கிடைத்தால்தான் காலம் சொல்ல முடியும். இல்லாதபோது கல் பிளந்த விதம் ஓரளவு உதவும். இதை ஒரு கல் தச்சர் எனக்குக் காட்டித் தந்தார், ரொம்ப உபயோகமான விஷயம். 1800 வாக்கில்தான் கல்லில் வட்டத் துளை போட்டு, இரண்டு தகட்டுக்கு நடுவே ஆப்பு இறுக்கிப் பிளக்கிற முறை அங்கே வந்தது. அதற்கு முன்னால் நீளவாட்டில் குறுகலான பள்ளம் வெட்டி அதில் ஆப்பு அடிப்பார்கள். ஒரு சிலுவையின் ஓரத்தில் பாதித் துளைகள் வரிசையாக, பென்சிலைப் பாதியாகப் பிளந்தது போல வட்டமாகத் தெரிந்தால், அந்த இடம் 1800 க்குப் பிறகு வெட்டுப்பட்டது. சிலுவையே புதிது என்று உடனே முடிவு கட்டாதீர்கள், பழைய கல்லைப் பின்னால் யாராவது தங்கள் தேவைக்கு வெட்டியிருக்கலாம்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் பாறையைக் குடைந்து கல் எடுக்கவில்லை. மேட்டில் தானாகச் சிதறிக் கிடந்த கல்லில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் திருத்தி நட்டார்கள். அதனால் பல சிலுவைகள் கோணலாக இருக்கும். வேலை தெரியாமல் செய்ததில்லை, கல்லின் வடிவத்தோடு ஒத்துப்போனார்கள்.

கேள்வி (லண்டனிலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்): அக்கா, நாங்கள் குடும்பமாக வரப்போகிறோம். ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் எதைப் பார்க்கலாம்? பிள்ளைகளும் நடப்பார்கள்.

பதில்: நன்ஸ் கிராஸ். யோசிக்கவே வேண்டாம்.

பிரின்ஸ்டவுனில் வண்டியை நிறுத்திவிட்டுத் தெற்கே போகும் கல்பாதையில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். சவுத் ஹெசரி டோர் என்ற பாறையைத் தாண்டிப் போனால் ஏழு அடிக்கு மேல் உயரமாக ஒற்றைக் கல் நிற்கும். பெரிய ஏற்றம் இல்லை, எட்டு வயதுப் பிள்ளை நடக்கும்.

இதற்கு இன்னொரு பெயர் சிவர்ட்ஸ் கிராஸ். டார்ட்மூரில் நமக்குக் கிடைத்த எழுத்தில் மிகப் பழைய குறிப்பு உள்ள சிலுவை இதுதான். 1240 இல் அரசருடைய வேட்டைக் காட்டின் (மரக்காடு இல்லை, வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம்) எல்லையைத் தீர்மானிக்க 12 வீரப் பிரபுக்கள் குதிரையில் சுற்றி வந்து எல்லை அடையாளங்களை எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியலில் சிவர்டின் சிலுவை என்று இது இருக்கிறது. அதாவது 1240 இலேயே எல்லோருக்கும் தெரிந்த பழைய அடையாளமாக இருந்திருக்கிறது.

கிழக்குப் பக்கம் சிவர்ட் என்று தேய்ந்த எழுத்து. மேற்குப் பக்கம் போக் லண்ட் என்று இரண்டு வரியாக. பக்லண்ட் என்ற பெயரின் பழைய வடிவம் அது. ஆனால் பக்லண்ட் மடம் தொடங்கியது 1278 இல், சிலுவையோ அதற்கு 38 வருஷம் முன்பே பதிவில் இருக்கிறது. ஆகவே காட்டு எல்லைக்கு ஏற்கெனவே நின்ற கல்லில் மடத்து நிலத்தின் எல்லையையும் பின்னால் பொறித்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கல், கிழக்கிலிருந்து பார்த்தால் அரசருடைய காடு முடிகிறது, மேற்கிலிருந்து பார்த்தால் மடத்து நிலம். நடந்து வருகிறவருக்கோ பாதி வழி கடந்துவிட்டோம் என்கிற ஆறுதல்.

தண்டில் இரும்புப் பட்டைகள் தெரியும். 19 ஆம் நூற்றாண்டில் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது, 1848 இல் இரும்பு வைத்து இறுக்கி மறுபடி நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு அந்த இரும்பைக் காட்டுங்கள். என் மகனுக்குச் சின்ன வயதில் 1240 என்ற எண்ணைவிட அந்த இரும்புதான் பிடித்திருந்தது, யாரோ ஒருவர் சுத்தியலும் இரும்புமாக அவ்வளவு தூரம் வந்து இதைச் சரிசெய்தார் என்று திரும்பத் திரும்பச் சொல்வான்.

கேள்வி (சென்னை): உடைத்தது யார்? மதச் சண்டையா?

பதில்: பாதி அதுதான். 1539 இல் எட்டாம் ஹென்றி காலத்தில் இந்த மூன்று மடங்களும் மூடப்பட்டன. பக்லண்ட் மடக் கட்டடம் கடைசியில் 1581 இல் கடலோடி பிரான்சிஸ் டிரேக் கையில் வீடாகவே போய்ச் சேர்ந்தது. அப்புறம் உள்நாட்டுப் போர் நடந்த 1643 இல், பொது இடங்களில் நிற்கும் சிலுவைகளையும் உருவங்களையும் அகற்ற வேண்டும் என்று பாராளுமன்றமே உத்தரவு போட்டது. இங்கிலாந்து முழுக்க ஊர்நடுச் சிலுவைகள் தலையிழந்தது பெரும்பாலும் இந்தக் காலங்களில்.

ஆனால் மேட்டில் நின்றவற்றுக்கு வந்த பெரிய ஆபத்து மத வெறி இல்லை என்பது என் எண்ணம். சதுப்பு தாண்டி ஏறிப்போய் உடைக்க யாருக்கு அவ்வளவு சிரமம். மீதிப் பாதி, சொல்லப்போனால் பெரும்பாதி, கல் தேவைப்பட்டவர்கள் செய்தது. பண்ணை வைத்தவருக்கு ஏழு அடி நீளத்தில் நேராக, ஏற்கெனவே திருத்திய கருங்கல் கண்ணெதிரே நின்றால்? கைகளைத் தட்டிவிட்டால் கேட் தூண். படுக்கப் போட்டால் ஓடைக்குப் பாலம்.

மேட்டின் தெற்கே பீட்டர்ஸ் கிராஸ் என்று ஒன்று. மடம் மூடிய பிறகு அந்த நிலத்தை வாங்கிய சர் வில்லியம் பீட்டர் பெயரில் எல்லைக்காக நின்றது. 19 ஆம் நூற்றாண்டில் அங்கே வீடு கட்டிய வேலையாட்கள் அதன் கைகளை உடைத்து, தண்டை அடுப்பங்கரைக்கு மேலே உத்திரக் கல்லாக வைத்துவிட்டார்கள். வீடு இடிந்த பிறகுதான் அந்தத் தண்டு மறுபடி மேட்டில் நிற்கப் போனது. இப்போது போனால் கை இல்லாத கட்டையைப் பார்க்கலாம்.

கேள்வி: சைல்டின் கல்லறை என்றீர்களே, குழந்தையின் கல்லறையா? படிக்கவே கஷ்டமாக இருந்தது.

பதில்: இல்லை இல்லை, கவலைப்படாதீர்கள். சைல்ட் என்பது பழைய ஆங்கிலத்தில் உயர்குடி இளைஞருக்கான பட்டம். கதை இதுதான்: சைல்ட் என்ற செல்வந்தர் வேட்டைக்குப் போய்ப் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். குளிர் தாங்காமல் தன் குதிரையைக் கொன்று, வயிற்றைக் கீறி உள்ளே புகுந்து படுத்தார். அப்படியும் விறைத்துச் செத்தார். என்னை எந்தக் கோவிலார் அடக்கம் செய்கிறார்களோ அவர்களுக்கே பிளிம்ஸ்டாக்கில் உள்ள என் நிலம் என்று எழுதி வைத்திருந்தார். செய்தி தெரிந்து டேவிஸ்டாக் துறவிகள் உடலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். பிளிம்ஸ்டாக் ஆட்கள் ஆற்றங்கரையில் மறித்து நிற்க, துறவிகள் வேறொரு இடத்தில் அவசரமாகப் பாலம் கட்டி உடலைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நடந்ததா என்றால் நம்புவதற்கு ஆதாரம் குறைவு. பிளிம்ஸ்டாக் நிலம் டேவிஸ்டாக் மடத்திடம் இருந்தது உண்மை, அதற்கு ஒரு காரணம் சொல்லும் கதையாக இது வளர்ந்திருக்கும். ஏனென்றால் அந்தக் கல்லறைக்கு அடியில் இருப்பது வெண்கலக் கால மக்களின் கல்பெட்டிப் புதைகுழி. மடங்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் மூத்தது. யாரோ ஒருவருடைய சமாதி மேல் இன்னொருவர் கதையை ஏற்றி, அதன் மேல் சிலுவையும் வைத்திருக்கிறார்கள்.

1812 இல் பக்கத்தில் பண்ணை வீடு கட்டிய ஒருவர் இதன் படிக்கட்டுக் கற்களைப் பிரித்து எடுத்துப்போனார். இன்று நிற்பது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுபடி அடுக்கியது, மேலே உள்ள சிலுவை புதிது. இடம் மட்டும் பழசு. ஆனால் அந்த இடத்தில், மூன்று பக்கமும் சதுப்பு தெரிய, காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லாமல் நின்றால் கதை உண்மையா என்று கேட்கவே தோன்றாது.

கேள்வி (நாகர்கோவில்): பிணத்தைச் சுமந்து போகும் பாதை ஒன்று அங்கே உண்டு என்று கேள்விப்பட்டேன். அதற்கும் சிலுவைக்கும் தொடர்பா?

பதில்: உண்டு, இதைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி ஐயா. மேட்டின் நடுவே இருந்த பண்ணைகள் எல்லாம் லிட்ஃபோர்ட் என்ற பங்கை, அதாவது ஒரே கோவிலின் பொறுப்பில் இருந்த பகுதியைச் சேர்ந்தவை. திருமுழுக்குக்கும் அடக்கத்துக்கும் அந்தக் கோவிலுக்குத்தான் போகவேண்டும். லிட்ஃபோர்டோ மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பேபனி, பிஸ்வெல் என்ற இரண்டு குடியிருப்புக்காரர்கள் ஆயரிடம் போய் முறையிட்டார்கள், 1260 இல் எக்ஸெட்டர் ஆயர் பிரான்ஸ்கோம்ப் அவர்களுக்கு வைட்கோம்ப் கோவிலைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார். அந்த ஆவணத்தில் ஒரு வரி என்னால் மறக்கவே முடியாது: லிட்ஃபோர்டுக்கு நல்ல காலத்தில் 8 மைல், புயல் காலத்தில் 15 மைல். தூரம் எப்படி மாறும்? ஆறு பெருகினால் குறுக்கே போக முடியாது, சுற்றவேண்டும். தோளில் பிணம். அந்த இரண்டு எண்களுக்குள் எத்தனை மனிதர்களின் பாடு இருக்கிறது பாருங்கள்.

வைட்கோம்புக்குப் போகும் வழியில் டார்ட்மீட் ஏற்றத்தில் ஒரு தட்டைக் கல் கிடக்கிறது, சவப்பெட்டிக் கல் என்றே பெயர். நம் சுமைதாங்கி போல, தூக்கி வருபவர்கள் இறக்கி வைத்துத் தோள் மாற்றுவார்கள். அதில் சின்னச் சின்னச் சிலுவைகளும் இறந்தவர்களின் பெயர் முதலெழுத்துகளும் கீறியிருக்கின்றன. இரண்டாகப் பிளந்திருக்கும், பாவி ஒருவரின் உடலை வைத்தபோது இடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

கார்ன்வாலில் இதற்கு எழுத்து ஆதாரமே உண்டு. கிரீட் என்ற ஊரின் பங்குத்தந்தை ரெஜினால்ட் மெர்தர்டெர்வா 1447 இல் எழுதிய உயிலில், அடக்கத்துக்கு எடுத்துப் போகும் உடல்களை இறக்கி வைக்கும் இடங்களில் புதிய கல் சிலுவைகள் நடப் பணம் ஒதுக்குகிறார். இறந்தவருக்காக அங்கே ஜெபிக்க வேண்டும், சுமப்பவர்களும் கொஞ்சம் இளைப்பாற வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார். சுமப்பவர்களை நினைத்தார் பாருங்கள், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

கேள்வி: பென்னட்ஸ் கிராஸ் படத்தில் எழுத்து தெரிகிறது, டபிள்யூ பி. அது பென்னட்டின் பெயரா?

பதில்: இல்லை. வாரன் பவுண்ட்ஸ், அதாவது முயல் பண்ணையின் எல்லை என்பதன் சுருக்கம். அந்தப் பக்கம் முயலை இறைச்சிக்கும் தோலுக்கும் பெரிய அளவில் வளர்த்தார்கள், சிலுவை ஏற்கெனவே நின்றதால் அதிலேயே எழுத்தை வெட்டிவிட்டார்கள். சாக்ஃபோர்ட், நார்த் போவி ஆகிய இரண்டு பங்குகளின் எல்லையும் அதுதான். தார்ச்சாலையிலிருந்து பத்து எட்டு வைத்தால் போதும், நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் இங்கே கூட்டிப் போங்கள். பக்கத்தில் வாரன் ஹவுஸ் என்ற பழைய விடுதி, அங்கே அடுப்பு 1845 முதல் அணையவில்லை என்பார்கள்.

கேள்வி (பெங்களூர்): மலை உச்சியில் மிகப் பெரிய சிலுவை ஒன்று பார்த்தேன், அதுதானே மிகப் பழசு?

பதில்: பிராட் டோர் மேலே நிற்பதைச் சொல்கிறீர்கள். அது விட்ஜரி கிராஸ், விக்டோரியா மகாராணியின் 50 ஆம் ஆண்டு விழாவுக்காக 1887 இல் ஓவியர் வில்லியம் விட்ஜரி கட்டியது. 13 அடி. பக்கத்தில் போனால் துண்டுத் துண்டாகக் கல் அடுக்கியிருப்பது தெரியும். பழையவை ஒற்றைக் கல். அத்துடன் பழையவை உச்சியில் அதிகம் நிற்காது, பாதை எங்கே போகிறதோ அங்கே நிற்கும். பழையவற்றில் உயரமானது என்றால் மீவி ஊருக்கு அருகே மார்ச்சண்ட்ஸ் கிராஸ், எட்டு அடி.

கேள்வி (ஜெர்மனியில் படிக்கும் மாணவி): அக்கா, இங்கே கிராமத்துப் பாதையோரத்திலும் குட்டையான கல் சிலுவைகள் இருக்கின்றன, சிலவற்றில் கத்தி, கோடரி செதுக்கியிருக்கிறது. இதுவும் அதே வகையா?

பதில்: இல்லை தங்கச்சி, வெளித்தோற்றம்தான் ஒன்று. உங்கள் ஊரில் இருப்பவை பெரும்பாலும் பரிகாரச் சிலுவைகள். மத்திய காலத்தில் ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட்டால், இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும். கொன்றவர் நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும், இறந்தவர் ஆன்மாவுக்காகப் பூசை செய்விக்க வேண்டும், புனிதப் பயணம் போகவேண்டும், கூடவே ஒரு கல் சிலுவையும் நடவேண்டும். பாவமன்னிப்பு இல்லாமல் திடீரென்று செத்தவருக்காக வழிப்போக்கர்கள் ஜெபிக்கட்டும் என்பதற்காக. செதுக்கிய ஆயுதம் கொன்ற ஆயுதம் என்பார்கள், இறந்தவரின் தொழிலைக் காட்டுவதாகவும் இருக்கலாம். 1532 இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்துக் குற்றவியல் சட்டம் வந்ததும் கொலை அரசு விசாரிக்கும் விஷயமாகிவிட்டது, ஒப்பந்த வழக்கம் மெல்ல மறைந்தது. செக் நாட்டிலும் இவை நிறைய. நீங்கள் பார்த்ததைத் தனியாக எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை): பாசி படிந்து எழுத்தே தெரியவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்தால் என்ன? சாக்பீஸ் தடவினால் எழுத்து தெரியுமே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டுமே வேண்டாம். அந்தப் பாறைப்பாசி வருஷத்துக்கு நூல் அளவுகூட வளராது, அதைச் சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும், எழுத்து ஏற்கெனவே அந்தத் தோல் அளவுக்குத்தான் மிச்சம். இவற்றில் பெரும்பாலானவை 1979 ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், சேதப்படுத்தினால் வழக்கு வரும். சட்டம் ஒரு பக்கம், எழுத்தைப் படிக்க அதைவிட நல்ல வழி இருக்கிறது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நேரே அடிக்காதீர்கள். தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழும்பி வரும். சிவர்ட் என்ற பெயரை நான் முதல் முதலாக அப்படித்தான் படித்தேன், ஜனவரி மாதம், கை விறைத்துப் போயிருந்தது, ஆனாலும் திரும்பி வர மனசே இல்லை.

இன்னொரு சேதம் யாருக்கும் தோன்றாது: மாடும் மட்டக்குதிரையும். மரமில்லாத மேட்டில் அவை உடம்பைத் தேய்த்துக்கொள்ள இருப்பது இந்தக் கல் ஒன்றுதான். சுற்றிச் சுற்றி மிதித்து அடியில் பள்ளமாகி, மழைத்தண்ணீர் தேங்கி, மண் இளகி, கல் சாயும். பூங்கா நிர்வாகத்தார் அவ்வப்போது அந்தப் பள்ளத்தைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்புகிறார்கள்.

கேள்வி (சேலம்): இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, எல்லாவற்றையும் எடுத்து ஒரு அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரமாக இருக்குமே. ஏன் செய்யவில்லை?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். ஒன்றிரண்டை எடுத்துத்தான் இருக்கிறார்கள். டெர் ஹில் சிலுவைகளில் ஒன்று பிரின்ஸ்டவுனுக்கு வந்துவிட்டது, மேலே நிற்பது அதன் நகல். அசலை நான் உள்ளே போய்ப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், பக்கத்தில் விளக்கப் பலகை. பார்த்துவிட்டு வெளியே வந்து, மேலே ஏறி நகலையும் பார்த்தேன். எனக்கு நகல்தான் சிலுவையாகத் தெரிந்தது.

ஏனென்றால் இந்தக் கற்களில் கலைவேலை ஒன்றும் இல்லை, உள்ளே வைத்து ரசிக்க. அவை சொல்வதெல்லாம் "இங்கே" என்பதுதான். இங்கே திரும்பு, இங்கே எல்லை, இங்கே சுமையை இறக்கு. அந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் வெறும் கருங்கல் தூண். மடங்கள் போன பிறகும் இந்தத் தேவை போகவில்லை பாருங்கள். 17 ஆம் நூற்றாண்டு முடியும் வாக்கில் டேவிஸ்டாக்கிலிருந்து ஆஷ்பர்ட்டனுக்குப் போகும் பாதையில் ஒரு பக்கம் டி, மறுபக்கம் ஏ என்று எழுதிய கற்களை நட்டார்கள். மெரிவேல் பக்கம் போனால் இன்றும் வரிசையாக நிற்கின்றன. சிலுவை வடிவம் போய்விட்டது, வேலை அதேதான்.

இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். கேடோவர் பாலத்துக்கு அருகே விழுந்து கிடந்த ஒரு சிலுவையை 1873 இல் பயிற்சிக்கு வந்த படைவீரர்கள் கண்டு நிமிர்த்தினார்கள். 1903 இல் கோல்ட்ஸ்மித் என்ற கடற்படை அதிகாரி சதுப்போரம் நடக்கும்போது புல்லுக்குள் கிடந்த உடைந்த சிலுவையைக் கண்டுபிடித்துச் சேர்த்து நிறுத்த வைத்தார், அதனால்தான் அது கோல்ட்ஸ்மித் கிராஸ். பழங்காலப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான், அது கண்டெடுத்தவர் பெயர். டார்ட்மூர் பாதுகாப்புச் சங்கம் 1883 இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கற்கள் இப்படி எழுந்து நின்றிருக்கின்றன.

கேள்வி: தனியாக நடக்கலாமா? நான் பெண், 24 வயது, மலையேற்றப் பழக்கம் கிடையாது.

பதில்: ஆட்களைப் பற்றிய பயம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, பருவநிலையைப் பற்றித்தான். முதல் இரண்டு மூன்று தடவை யாரோடாவது போ. காகித வரைபடமும் காம்பஸும் கட்டாயம், ஓர்டனன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் ஓஎல் 28 என்ற தாள் முழு மேட்டையும் காட்டும், சிலுவைகளும் குறித்திருக்கும். பல பள்ளங்களில் போன் எடுக்காது. பளபளவென்று பச்சையாக மெத்தை மாதிரித் தெரியும் பாசியில் கால் வைக்காதே, அதுதான் சதுப்பு, அதைவிட மங்கலான காய்ந்த புல் உறுதியானது. வடக்குப் பகுதியில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும், நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிப்பார்கள், பார்த்துவிட்டுப் போகவேண்டும். நான் சொன்ன தெற்குப் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. நவம்பரில் நாலரைக்கு இருட்டிவிடும், அதையும் நினைவில் வை.

கேள்வி (டெவனிலேயே வாடகைக்கு இருப்பவர்): நாங்கள் இருக்கும் பண்ணை வீட்டு வாசலில் ஒரு கேட் தூண். ஒரு பக்கம் மட்டும் மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது, நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து தினமும் அதையே பார்க்கிறேன். சிலுவையாக இருக்குமா?

பதில்: இருக்கலாம்! நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்குள் நீங்கள் சில விஷயம் பாருங்கள். துருத்தல் தண்டோடு ஒரே கல்லா. எதிர்ப்பக்கம் அதே உயரத்தில் தட்டி எடுத்த தழும்பு இருக்கிறதா, கையால் தடவிப் பார்த்தால் மற்ற இடத்தைவிடச் சொரசொரப்பாக இருக்கும். கேட் கீலுக்காக இரும்பு இறக்கிய துளைகள் எந்தப் பக்கம், ஏனென்றால் கேட் உட்கார இடைஞ்சலாக இருந்த கையைத்தான் உடைத்திருப்பார்கள். முகத்தில் மெலிதாகக் கீறிய சிலுவைக் குறி ஏதும் டார்ச் வெளிச்சத்தில் தெரிகிறதா.

தோண்டிப் பார்க்காதீர்கள், அசைக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான்கு பக்கமும் படம் எடுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு அடிக்கோலைச் சாய்த்து வையுங்கள். டெவன் மாவட்ட நிர்வாகத்திலும் பூங்கா நிர்வாகத்திலும் தொல்சின்னப் பதிவேடு வைத்திருக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அனுப்பினால் ஏற்கெனவே பதிவானதா என்று சொல்லிவிடுவார்கள். அப்படியே வரைபடத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி ஏதாவது பழைய பாதை, பங்கு எல்லை, பாதைகள் சேரும் முனை இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட் தூணாகப் போன சிலுவையை யாரும் ரொம்ப தூரம் இழுத்துப்போவதில்லை, அது முன்பு நின்ற இடம் அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கும். படத்தை எனக்கும் அனுப்புங்கள்.